சிங்குக்கு அடியில் மூன்று நாள்

முப்பத்திரண்டு வருடம் குடிநீர் அலுவலகத்தில் குழாய் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் அவர். எந்தத் தெருவுக்கு அடியில் எத்தனை அங்குலக் குழாய் ஓடுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அதனால் 'மேப் சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. கையால் ஒரு குழாயையாவது திருகியதுண்டா என்று யாரும் கேட்டதில்லை. அவரும் வலியப் போய்ச் சொன்னதில்லை.

மனைவி மணிக்கட்டை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு வீடு திரும்பியதும், மகள் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை வாங்கி அனுப்பினாள். மாட்டித் தர ஆள் அனுப்பட்டுமா என்று கடைக்காரர் போனில் கேட்டார்.

"ஊருக்கே தண்ணி விட்டவன் நான். எனக்கு ஆளா?"

முதல் நாள் சிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, தண்ணீர் வரும் ஹோஸை மாட்டினார். வாஷர் சட்டைப்பையிலேயே இருந்தது. வால்வைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சியடித்து மூக்குக்கண்ணாடியைப் பறித்துக்கொண்டு போனது. இரண்டாம் நாள் ஜாயிண்டில் கசிவைத் தடுக்கும் டேப்பை எதிர்ப்பக்கமாகச் சுற்றினார். திருகத் திருக அது உரிந்து வந்தது. மூன்றாம் நாள் மெஷின் ஓடியே விட்டது! மீசையை முறுக்கக் கையைக் கொண்டுபோனார். மீசை இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் மெஷின் கதவைத் திறந்தால், அடியில் கறுப்புத் தண்ணீர். சிங்கில் கொட்டிய டீத்தூள் அத்தனையும் உள்ளே. "ஓட்டை மெஷினை என் தலையில கட்டிட்டீங்களே!" என்று கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினார்.

மறுநாள் காலை ஒரு மெக்கானிக் அம்மாள் வந்து குனிந்து பார்த்தார். கழிவுநீர் ஹோஸ் தரையோடு தரையாகக் கிடந்தது.

"சார், இதை மேல தூக்கிக் கட்டணும். இல்லன்னா சிங்க் தண்ணி மெஷினுக்குள்ள வந்துடும். தண்ணி பள்ளத்துக்குத்தானே சார் ஓடும்?"

இதையே எத்தனையோ கோப்புகளில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர்.

ஒரு கிளிப், இரண்டு நிமிடம். வேலை முடிந்தது. எழுந்திருக்கும்போது அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் டார்ச் அடித்தார். "இந்தப் பழைய ஜாயிண்டெல்லாம் யார் போட்டது? அவ்வளவு சுத்தமா இருக்கே!"

நான்தான் என்று சொல்லிவிடலாமா என அவருக்கு ஒரு சபலம்.

"நான்தான்" என்றாள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மனைவி.

மெக்கானிக் போகும்வரை பொறுத்திருந்து கேட்டார். "நீ எப்ப?"

"குழாய் சொட்டுறப்பெல்லாம். இருபது வருஷமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க மேப் போட உக்காந்துடுவீங்க. அதான் நீங்க ஆபீஸ் போனதும் முடிச்சிடுவேன்."

கோபம் வரும் என்று காத்திருந்தார். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. 'என் வீட்டுல குழாயே கெடாது, எல்லாம் நான் பாத்து வாங்கினது' என்று ஆபீஸில் எத்தனை பேரிடம் அளந்திருக்கிறார்!

அடுத்த வாரம் குளியலறைக் குழாய் சொட்டியது. மனைவிக்குக் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அவரே ஸ்பானரோடு உட்கார்ந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வட்ட வாஷரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பணிவாகக் கேட்டார்.

"இதுல எந்தப் பக்கம் மேல வரணும்?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்க."