நெற்றியில் ஒரு சிவப்பு அம்பு

தேர்தலுக்காகக் கட்சிக்காரர்கள் வீடு வீடாகக் கொடுத்த டீ-ஷர்ட்டைப் பிரித்ததும் பிரிண்டிங் மையின் வாடை குப்பென்று அடித்தது. நெஞ்சில் எங்கள் எம்.பி. பல்லைக் காட்டிச் சிரிக்க, நான் நினைவில் நேராக நெருப்பெரிச்சல் என்ற ஊரில் இருந்த அவருடைய பழைய பனியன் கம்பெனிக்குள் போய் விழுந்தேன்.

மிஷின் துடைக்கும் வேஸ்ட் துணி விற்று மேலே வந்த ஆள். தெற்கேயிருந்து பிழைக்க வந்த என் அம்மாவுக்கு அங்கே செக்கிங் வேலை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் அவள் மேஜைக்கடியில் கட்பீஸ் குவியலில் கிடப்பேன், மேலே ரேடியோவும் தையல் மிஷின்களும் சேர்ந்து இரைய, அம்மாவின் விரல்கள் துணியைத் தடவித் தடவி, ஓட்டை கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டே போகும்.

ஒருநாள் ஒரு ஓட்டையை விட்டுவிட்டாள். முதலாளி கத்தவில்லை. அந்த ஆளுக்கு மரியாதைதான் முக்கியம்.

"ஏனுங்க அம்மிணி, கண்ணு தெரியலீங்களா? அப்ப நீங்களும் ரிஜெக்ட்தானுங்க" என்று அம்மாவின் பொட்டின்மேல் ஒரு அம்பை ஒட்டினார். "சாயங்காலம் வரைக்கும் எடுத்தராதீங்க, சாமி."

மொத்த லைனும் சிரித்தது. வேலை போய்விடும் என்று அம்மா அதை எடுக்கவில்லை. கேவலம், நானும் சிரித்தேன்.

இன்று அம்மா டீ-ஷர்ட்டை வாங்கிப் பழக்கதோஷத்தில் தடவினாள். எம்.பி.யின் நெற்றியில் விரல் நின்றது. ஓட்டை.

"ஸ்டிக்கர் ஒட்டும்மா!" என்றேன்.

"அதெல்லாம் எதுக்குட்டி? கத்திரிய எடு."

அந்த முகத்தை நாலாக வெட்டி கேஸ் அடுப்பைத் துடைத்தாள்.

"நல்லாத்தான் துடைக்கி. மனுசன் இந்த வேஸ்ட் துணி யாவாரத்த விட்டிருக்கக் கூடாது."