மூத்தவன் வரும் வரை

கும்மிடிப்பூண்டியில் வெல்டிங் கற்றவனுக்கு நடுக்கடலில் என்ன வேலை என்று கேட்பார்கள். இரும்பு எங்கே துருப்பிடிக்கிறதோ அங்கே எங்களுக்குச் சோறு. மும்பைக் கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் எண்ணெய் மேடை அது. ஹெலிகாப்டர் வந்தால்தான் அங்கிருந்து இறங்க முடியும். நினைத்தபோது கிளம்பிவர அது என்ன பஸ் ஸ்டாண்டா?

ஆடி மழையில் ஒருநாள் நைனா செத்துப்போனார். ஊரிலிருந்து தம்பி ரேடியோ ரூமுக்குப் போன் போட்டான்.

“ஐஸ் பொட்டில வச்சிக்கினு கீறோம்ண்ணா. நீ வந்தாதான் எடுப்போம்.”

அப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், ஆத்தாளுக்கு இளையவன். எங்கள் பக்கத்தில் அதை மாற்ற மாட்டார்கள்.

பையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். மறுநாள் காலை ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. மேகத்துக்குள்ளேயே வட்டமடித்துவிட்டு, இறங்க வழியில்லாமல் திரும்பிப் போய்விட்டது. வந்த ஆத்திரத்தில் மழையைத் திட்டினேன். டீயை நீட்டிய சமையல்காரரையும் திட்டினேன். அவர் பாவம், டீயை வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் தம்பி மறுபடியும் கூப்பிட்டான்.

“கரண்டு போய்ப் போய் வருதுண்ணா. பொட்டி தாங்கல. வந்தவங்கல்லாம் மூக்கப் பொத்திக்கினு நிக்கிறாங்க. இன்னா பண்றது, நீயே சொல்லு.”

எனக்குப் பின்னால் போனுக்காக நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது.

“எட்த்துடுங்கடா. நீயே வச்சிடு.”

போனை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வரிசையில் நின்றவர்களில் ஒருவரும் அன்று போன் பேசவில்லை.

மேடையில் வாயு இருப்பதால் அனுமதி இல்லாமல் ஒரு பொறிகூடப் பறக்கக் கூடாது. மறுநாள் எனக்கு அனுமதி கொடுத்தார்கள். பொழுது சாயும்வரை குழாய்க்கு நெருப்பு வைத்துக்கொண்டிருந்தேன். நைனாவுக்கு வைக்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

காரியத்துக்குத்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். திரும்பக் கிளம்பும்போது அம்மா அழவில்லை.

“எனக்குச் சின்னவன் கீறான். நீ பேஜாராவாம போய்ட்டு வா” என்றாள்.

அந்தச் சின்னவன் வேலை பார்த்த உருக்காலையை இந்த வருடம் மூடிவிட்டார்கள். சிப்காட் முழுக்க அலைந்தும் வேறு வேலை கிடைக்கவில்லை. அடுத்த மாதம் எங்கள் மேடைக்கே வருகிறான். அம்மாவிடம் நீ சொல்லு என்கிறான் அவன். நீயே சொல்லேன் என்கிறேன் நான். அவளுக்கு இன்னும் தெரியாது.