கோடி அறைக்கும் ஒரு சாக்லேட்

இது கட்டுக்கதை இல்லை. நம்ப மனமில்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பேய்க் கதைகளை ஊர் ஊராகப் போய்க் கேட்டு, அதற்கு ஆராய்ச்சி என்று பேர் வைத்து வயிறு வளர்த்தவன் நான். எனக்கே நடந்தபோது ஒரு வரிகூட எழுத வரவில்லை.

பல்கேரியாவில், டான்யூப் கரையில் ஒரு பல்கலைக்கழகம். சமூகவியல், மானுடவியல் துறை. ஒன்பது வருஷம் மணிக்கணக்குச் சம்பளத்தில் நாயாக அலைந்த பிறகு, ஒரு ஜனவரியில் எனக்கு அங்கே நிரந்தர வேலை கிடைத்தது. போட்டித் தேர்வில் நான் இரண்டாமிடம் என்றுதான் கேள்விப்பட்டிருந்தேன். திடீரென்று கூப்பிட்டார்கள். ஏன் என்று கேட்டு, கிடைத்ததையும் கெடுத்துக்கொள்வேனா?

எங்கள் பக்கம் புது வேலையில் சேர்ந்தால், சேர்ந்தவர்தான் எல்லோருக்கும் இனிப்பு கொடுக்க வேண்டும். சாக்லேட் பெட்டியோடு அறை அறையாகப் போனேன். ஒருவர் முகத்திலும் சந்தோஷமில்லை. எடுத்துக்கொண்டார்கள், "நல்லா இருங்க" என்று முனகினார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். துறைத் தலைவர் கோலேவ் என் முகத்தையே பார்க்கவில்லை.

மணி நாலரை. ஜனவரியில் அதற்குள் இருட்டிவிடும். நடையின் கோடியில் ஒரு அறை பாக்கி. கதவு லேசாகத் திறந்திருந்தது.

உள்ளே ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றாமலே மேசை முன் உட்கார்ந்திருந்தார். விளக்கு போடவில்லை.

"வணக்கம் மேடம். நான் ஸ்வெத்லின். புதுசா சேர்ந்திருக்கேன்."

"தெரியும். உள்ள வாங்க."

அப்படியொரு குளிர். நான் பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. அவர் பேசினால்... வரவில்லை.

பெட்டியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை.

"யாருக்காக?"

செத்தவர் பேரில் தின்பண்டம் கொடுக்கும்போது கேட்கிற கேள்வி அது. வேலையில் சேர்ந்தவனிடம் யாரும் கேட்க மாட்டார்கள். நக்கல் செய்கிறார் என்று நினைத்தேன். சடங்கைப் பாடமாக நடத்துகிற நாங்கள் இப்படித்தான் விளையாடுவோம்.

"எனக்காகத்தான் மேடம்," என்று சிரித்தேன்.

"பேரு?"

"சொன்னேனே... ஸ்வெத்லின்."

இரண்டு எடுத்தார். கண்ணை மூடினார்.

"கடவுள் ஸ்வெத்லினை மன்னிக்கட்டும்."

இறந்தவருக்குச் சொல்கிற வார்த்தை.

தாளைப் பிரித்தார். சரக்... சரக்...

மென்றார். சத்தம் கேட்டது.

தாடை அசையவில்லை.

ஓடினேன்.

அலுவலகத்தில் பென்கா அக்கா வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். துறையின் செயலாளர் அவர்தான்.

"கோடி ரூம்ல யாருக்கா?"

"யாருமில்லையே தம்பி. பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட இருக்கு."

"ஒரு அம்மா... சாம்பல் கலர் கோட்டு..."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வெசெலினா. பதிமூணு வருஷமா மணிக்கணக்கு சம்பளம். தேர்வுல முதலிடம் அவங்கதான். ஆர்டர் வந்த அன்னிக்கே அந்த மேசையில தலை சாஞ்சிட்டாங்க. அதனாலதான் உங்களைக் கூப்பிட்டாங்க."

"ஒருத்தர்கூட என்கிட்ட சொல்லலையே!"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்லுவாங்க? அத்தன வருஷம் இழுத்தடிச்சதே இவங்கதானே." அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "அவங்களுக்கு சொந்தம்னு யாரும் கிடையாது. இன்னிக்கு நாப்பதாம் நாள். துறையில யாராவது அவங்க பேர்ல தின்பண்டம் கொடுப்பாங்கன்னு நான் இருந்துட்டேன். நான் கொடுப்பேன்னு மத்தவங்க இருந்துட்டாங்க போல."

சாவுச் சடங்கைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறவர்கள்! ஒருத்தருக்கும் கை வரவில்லை. நாற்பதாம் நாள் பேர் சொல்லிக் கொடுத்தால்தான் உயிர் இடத்தை விட்டுக் கிளம்பும் என்று அவர்களேதான் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். சே!

அதே வேலையில்தான் இன்றும் இருக்கிறேன். விட்டுவிட்டு வயிற்றுப் பாட்டுக்கு எங்கே போவது? அந்தக் கோடி அறையைத்தான் எனக்கு ஒதுக்கினார்கள். வெசெலினா பேரில் பிறகு எத்தனையோ முறை கொடுத்துவிட்டேன். நாள் தப்பிவிட்டது. அறைக் குளிர் குறையவே இல்லை.

அன்று அந்தத் தளத்தில் இறந்தவர் பேரில் கொடுத்தது ஒரே ஒரு முறைதான். வாங்கியவரும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்.

பேர்... என்னுடையது.