வத்தேகம ஓடையில் ஒரு வால் நுனி

இரண்டு வருடங்களுக்கு முன் வத்தேகமவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து ஓடையில் ஊசித்தும்பி ஒன்றைப் படம் எடுத்தேன். கண் தெளிவு, இறக்கை தெளிவு. கல்யாண வீட்டுப் படக்காரர் போல முகத்தையே பார்த்து எடுத்ததில் வால் நுனி மங்கிப்போனது. தும்பி பார்க்கும் எங்கள் குழுவோ, "வால் எங்கே?" என்ற ஒரே கேள்வியோடு படத்தை ஒதுக்கிவிட்டது. அந்த ரோசத்தில்தான் கடந்த பங்குனிப் போயா, அதாவது பௌர்ணமி, விடுமுறைக்கு முதல்நாள் வவுனியாவிலிருந்து மறுபடி கண்டிக்கு வந்திறங்கினேன்.

அவர்கள் கேட்டது நியாயம்தான். அது சிலோனோஸ்டிக்டா என்ற பேரினம். முன்பு வேறொரு பேரினத்துக்குள் வைத்திருந்தார்கள். பிறகு பிரித்து, இலங்கையில் மட்டுமே உள்ள தனிப் பேரினமாக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட இனங்கள். எல்லாமே தீக்குச்சியைவிட மெலிந்த, கறுத்த உடம்புக்காரர்கள். ஆணின் வால் நுனிக் கொக்கியையும் கழுத்துப் பட்டையின் விளிம்பையும் பார்த்தால்தான் இன்னது என்று சொல்லலாம். சில இனங்கள் ஓரிரு ஓடைகளில் மட்டும் உண்டு. அங்கே நிழல் போனால் அவையும் போய்விடும். என்னுடையது அப்படி ஓர் அபூர்வம் என்று இரண்டு வருடமாக மனக்கோட்டை கட்டியிருந்தேன்.

கண்டியில் காலை 7.10 பஸ். வத்தேகம 13 கிலோமீற்றர், 80 ரூபாய், முக்கால் மணி நேரம். அங்கிருந்து தோட்டம் நாலு கிலோமீற்றர். ஆட்டோக்காரர் ரவி 600 ரூபாய் கேட்டார்.

"இன்னைக்கு அங்க சிரமதானம் மிஸ். வெள்ளிக்கிழம கோயில் திருவிழால்ல, ஓடைய துப்புரவாக்குறாங்க" என்றார்.

8.40க்குப் போனபோது ஓடையின் கீழ்ப்பக்கம் மொட்டை. நாற்பது பேர் கத்தியும் மண்வெட்டியுமாக மேலே வெட்டிக்கொண்டு வந்தார்கள். முன்பு நான் தும்பியைப் படம் எடுத்த புதருக்கு இன்னும் இருபது அடிதான். "ஐயோ, நிப்பாட்டுங்கோ!" என்று கத்திவிட்டேன். அடுத்தவர் ஊரில், லீவு நாளில் அவர்கள் பாடுபடும் வேலையை! இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"என்ன மிஸ், பாம்பா?" என்று ஒரு அக்கா ஓடிவந்தார். கோயில் குழுத் தலைவி செல்வராணி, கொழுந்து பறிப்பவர்.

பழைய படத்தைக் காட்டினேன். "இதுக்கு நிழல் வேணும் அக்கா. இந்தப் புதரும் போனால் இது இங்க இராது."

"இதுவா? தண்ணி மொள்ள வந்தா மூஞ்சிக்கு முன்னால உக்காந்திருக்குமே! புதர நம்பித்தான் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

அவருக்கும் சங்கடம்தான். வெள்ளிக்கிழமை கரகம் பாலிப்பது, அதாவது குடத்தில் நீர் மொண்டு பூசை செய்து எடுத்துப்போவது, அந்தப் புதரடியில்தான். "பக்கத்துத் தோட்டத்து ஆளுகளெல்லாம் வருவாங்க. இப்பிடிப் புதராக் கெடந்தா எங்களத்தான் சிரிப்பாங்க" என்றார். பிறகு வெட்டுகிறவர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்தப் பக்கம் கத்தி வைக்காதீங்கப்பா! கரகத்த மேல பாறைகிட்ட பாலிச்சுக்குவோம். மிஸ் படம் புடிக்கட்டும், எல்லாரும் தேத்தண்ணி குடிங்க."

சேற்றில் குப்புறப் படுத்தேன். இருபத்தைந்து நிமிடம் நாற்பது பேரும் எனக்காகச் சத்தம் போடாமல் இருந்தார்கள். ஆண் ஒன்று இலை நுனியில் வந்து தொங்கியது. வால் நுனி, கொக்கியோடு, படத்தில் பளிச்சென்று விழுந்தது! எழுந்தபோது கையில் ரொட்டியும் சம்பலும் தந்தார்கள். கத்தியவளுக்கு உபசாரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்களுக்கு: பங்குனியில் காலை எட்டரை முதல் பதினொன்று வரை நல்லது, பின்னேரம் மழை பிடித்துக்கொள்ளும். அட்டை ஏறாமலிருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் அனுமதி கேட்டுவிட்டே இறங்குங்கள். அனுமதிப் பத்திரமில்லாமல் தும்பியைப் பிடிக்காதீர்கள், படம் போதும்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வாலுக்கென்றே ஒன்று. முக்கியமாக, கத்தாதீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை தும்பிக் குழுவின் பதில் வந்தது. அபூர்வமுமில்லை, ஒன்றுமில்லை. கண்டி மலைகளில் பரவலாக உள்ள இனமாம். என் மனக்கோட்டை போனதைவிட, செல்வராணி அக்காவுக்கு எந்த முகத்தோடு சொல்வது என்பதுதான் உறுத்தியது. அவர் தந்திருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, அது சாதாரண இனம்தானாம். உங்களை வீணாகக் கஷ்டப்படுத்திப்போட்டன்."

"அதுக்கென்ன மிஸ், நாங்களும் சாதாரண சனந்தானே" என்று சிரித்தார். "கரகம் பாறைகிட்ட நல்லா நடந்துச்சு. புதர அடுத்த வருசமும் வெட்ட மாட்டோம்."