திங்கள் காலை ஒன்பதரை, பொழிச்சலூர்

பொழிச்சலூருக்கெல்லாம் யாராவது பயணக் கட்டுரை எழுதுவார்களா என்று கேட்பீர்கள். தலைக்கு மேலே தாழப் பறக்கும் விமானங்களை விட்டால் அங்கே சுற்றிப்பார்க்க ஒன்றும் கிடையாதுதான். நான் போனது ஒரு வீட்டைத் தேடி. போன மாதம் ஒரு ஞாயிறு, ஒரு திங்கள். திரும்பி வந்து மூன்று வாரமாகியும் படபடப்பு அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் முன்கதை. நான் திருச்சிக்காரன், மார்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவன். எங்கள் சபையில் இளைஞர்கள் இரண்டு வருடம் மதம் பரப்பும் ஊழியத்துக்குப் போவது வழக்கம். என்னை பிஜி தீவுக்கு அனுப்பினார்கள். வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. ஆறரைக்கு எழுந்து வேதம் படித்துவிட்டு, பத்து மணியிலிருந்து இருட்டும் வரை வீடு வீடாகக் கதவைத் தட்டவேண்டும். சினிமா கிடையாது, காதல் கிடையாது, டீ, காபியும் கிடையாது. பாதிக் கதவுகள் திறக்காது. திறக்கிற பாதியில் நாய்தான் முதலில் வரும்.

இன்னொரு விதி உண்டு. ஊழியர்கள் எப்போதும் இரண்டிரண்டு பேராகத்தான் இருக்கவேண்டும். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்கவேண்டும், குளியலறை மட்டும் விதிவிலக்கு. எனக்கு ஆறு மாதம் ஜோடியாக வாய்த்தவன் ஜெகன், பொழிச்சலூர்ப் பையன். அத்தனை கடல் தாண்டிப் போய் ஒரு தமிழன் கிடைத்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவன் குறட்டை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும் என்பது வரை எனக்கு அத்துப்படி. அவனைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமைதான் எங்களுக்கு ஓய்வு. துணி துவைக்கலாம், கடைக்குப் போகலாம், வீட்டுக்குப் போன் பேசலாம். ஜெகன் சரியாக மாலை நான்கு மணிக்குப் பேசுவான். இந்தியாவில் அப்போது காலை ஒன்பதரை. வாசற்படியில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து, முக்கால் மணி நேரம் "சாப்ட்டேம்மா, சரிம்மா" என்று ஓடும். விதிப்படி மூன்று மீட்டர் தள்ளி நான் உட்கார்ந்திருப்பேன். வீடியோ எல்லாம் அம்மாவுக்குத் தெரியாது என்பான். பேசி முடித்ததும் அம்மா சொன்னதை எனக்கும் சொல்வான். நேற்று வஞ்சிரம் வறுத்தார்களாம், எதிர்வீட்டு நாய் நாலு குட்டி போட்டதாம். என் அம்மா கரண்ட் பில்லைத் தாண்டிப் பேசமாட்டார். எனக்கு அவன்மேல் பொறாமையாகக்கூட இருக்கும்.

என் ஊழியம் முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். அவனுக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய் அவன் அம்மாவை அசத்தலாம் என்று ஒரு ஆசை. முகவரி அவன் பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டது. கேட்டால் "எதுக்குடா சிரமம்" என்று தடுப்பான் என்பதால் அவனிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு மதியம் திருச்சியில் ரயில் ஏறினேன். தாம்பரத்துக்கு 312 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம், உட்காரும் வகுப்பு 155 ரூபாய். மேற்குத் தாம்பரத்தில் லாட்ஜ் 900 ரூபாய். மின்விசிறி சுற்றியது, அதற்குமேல் கேட்காதீர்கள். திங்கள் காலை 8.10-க்கு மின்சார ரயில், பல்லாவரத்துக்கு ஐந்து ரூபாய், பத்து நிமிடம். அங்கிருந்து பம்மல் வழியாக ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய்.

ஆட்டோ அண்ணனிடம் முகவரியைக் காட்டினேன். "ஜல்லி மணல் கடைக்காரர் வூடா? அவரு பையன் துபாய்ல கீறான்னு சொல்லுவாரு" என்றார். துபாய் இல்லை, பிஜி என்று நான் திருத்தினேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எட்டே முக்காலுக்கு வீட்டை அடைந்தேன். மாடி வீடு, கேட்டுக்குப் பக்கத்தில் செம்பருத்திச் செடி. கேட்டைத் திறந்த அம்மாவுக்கு அச்சு அசல் ஜெகனின் மூக்கு. பிஜியில் ஜெகனோடு இருந்தவன் என்றேன். கேட்டைப் பிடித்தபடியே நின்றார்.

"அவன் எப்டி பா கீறான்?"

நீங்கள்தான் வாராவாரம் பேசுகிறீர்களே, என்னைக் கேட்கிறீர்களே என்று சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தினேனா? வஞ்சிரம் வறுத்ததையெல்லாம் அவனிடம் சொன்னீர்களாமே என்று வாசலிலேயே அளந்துகொண்டே போனேன்.

"அவன் போனதுலேர்ந்து இந்த வூட்ல வஞ்சிரமே வாங்கல பா," என்றார். "அவன் கொரல கேட்டு ஒன்ற வருசத்துக்கு மேல ஆவுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அவர் சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. சிறுசேரியில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, சாமியையும் மாற்றிக்கொண்டு பிஜிக்குக் கிளம்பினான் ஜெகன். பிளேன் ஏறினால் இந்த வீட்டுக்குப் போன்கூட அடிக்காதே என்றிருக்கிறார் அப்பா. அன்றைக்கே அம்மாவின் சிம்மைப் பிடுங்கி உடைத்துவிட்டார். புது நம்பர் அவனுக்குத் தெரியாது, அவன் நம்பர் அம்மாவுக்குத் தெரியாது. ஊருக்கு மட்டும் துபாய்.

அப்படியென்றால் இருபத்தாறு திங்கட்கிழமைகள் அவன் யாரிடம் பேசினான்? மறுமுனையில் ஒருவருமே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான், நான் குத்துக்கல் மாதிரி மூன்று மீட்டரில் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லாதே என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர்கள் நாங்கள். முதலில் கோபம் வந்தது. பிறகு அவன் இரவு ஜெபத்தில் தவறாமல் அம்மா பெயரைச் சொன்னது ஞாபகம் வந்ததும் அது போய்விட்டது.

அம்மா காபி கொண்டுவந்தார். நான் குடிப்பதில்லை என்றேன். அவனுமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் குடிப்பானே என்று சொல்லி, டம்ளரை எடுத்துப்போய் மோராக மாற்றிக் கொண்டுவந்தார். எதிரில் உட்கார்ந்தார்.

"போன்ல நான் அவன்கிட்ட இன்னா சொல்லுவேன்?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்பீர்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவில்லை என்று திட்டுவீர்கள். அப்பா உன்னை விசாரித்தார் என்று ஒவ்வொரு வாரமும் சொல்வீர்கள்.

"அவரு கேட்டாருன்னு நானா சொன்னேன்?"

"ஒரு வாரம்கூட தவறாம சொன்னீங்கம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் 9.35. அவன் நம்பர் எனக்கு மனப்பாடம் என்றேன். அம்மா வாசலைப் பார்த்தார். அப்பா கடையிலிருந்து பத்து மணிக்குச் சாப்பிட வந்துவிடுவார். தெரிந்தால் இந்த சிம்மும் போகும், வீட்டில் ரகளை நடக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"போடு பா. அவருக்கு நான் சொல்லிக்கிறேன்," என்றார்.

அம்மாவின் போனிலிருந்தே போட்டு ஸ்பீக்கரை அழுத்தினேன். மணி அடித்தது. பிஜியில் அப்போது மாலை நான்கு ஐந்து. அதே வாசற்படியில், புது ஜோடிக்காரன் மூன்று மீட்டர் தள்ளி இருக்க, அவன் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்த போன் காதுக்குள்ளேயே அலறியிருக்கும். ஆறு முறை, ஏழு முறை மணி அடித்தது. எடுத்தான். ஹலோ என்றான்.

"சாப்ட்டியாடா?" என்றார் அம்மா.

அந்தப் பக்கம் ஒரு தேம்பல் கேட்டது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மூன்று மீட்டர் போதாது என்று கேட்டைத் தாண்டித் தெருமுனை வரை போய் நின்றேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பல்லாவரத்தில் ஷேர் ஆட்டோ எட்டரைக்கு மேல் நிரம்பிவிடும், முன்னாடியே ஏறுங்கள். குடையும் தண்ணீரும் அவசியம். ஊழியத்துக்குப் போகிற தம்பிகளுக்கு இன்னொன்று: ஜோடிக்காரன் போன் பேசும்போது அவன் பதில்களை மட்டும் கேட்காதீர்கள், மறுமுனையில் சத்தம் வருகிறதா என்றும் ஒருமுறை கேளுங்கள். பொழிச்சலூரில் அந்தச் செம்பருத்தி வீட்டுக்குப் போவதென்றால் எந்த நாளும் போகலாம். திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மட்டும் வேண்டாம், அம்மா போனில் இருப்பார்.