பதினான்காம் காவலிலிருந்து ஃபோன்

ரோதியோன் பொய் சொல்கிறவன் இல்லை. பொய் சொல்லத் தெரிந்திருந்தால் இந்நேரம் அவனும் மேஜர் ஆகியிருப்பான். ஆகவே இது நடந்தது. தெற்கு உக்ரைனில், ரஷ்யப் படை பிடித்து வைத்திருந்த ஒரு குட்டி ரயில் நிலையத்தில், பிப்ரவரி ஒன்பதாம் தேதி. பேய் வருகிற நேரம்கூட இல்லை... பட்டப்பகல்.

அங்கே காவலிருந்த ரஷ்யச் சிப்பாய்களுக்குப் பூட்ஸ் நனைந்தால் காயாது. காய்ந்தால் எலி தின்னும். குளிர்காய விறகு கிடையாது. விறகெல்லாம் மேஜர் குலாகினின் நீராவிக் குளியலறைக்கு. அந்த அறையைக் கட்ட எட்டுச் சிப்பாய்கள். நான்கு கிலோமீட்டர் தள்ளியிருந்த ரயில் பாலத்தைக் காக்க ஒரே ஒருவன், சவேலி. அதுதான் பதினான்காம் காவல். பாலம் கிடக்கட்டும், மேஜரின் முதுகு வியர்க்க வேண்டாமா?

வயர்லெஸ்ஸைத் தொட்டால் ட்ரோன் மோப்பம் பிடித்துவிடும். அதனால் கம்பி ஃபோன். கைப்பிடியைச் சுற்றினால் கம்பியில் மின்சாரம் பாய்ந்து மறுமுனையில் மணி அடிக்கும். ரயில் வண்டி கிளம்பிப் பதினோராவது நிமிடம், நிலையத்தில் ஃபோன் பார்க்கும் சிப்பாய் ரோதியோன் கைப்பிடியைச் சுற்றி, "பாலத்துக்கு வந்துச்சா?" என்று கேட்க வேண்டும். மற்ற நேரத்தில் இங்கிருந்து சுற்றவே கூடாது. இரண்டும் மேஜர் உத்தரவு. பனி மூடியதில் ஒரு வாரமாக வண்டியே இல்லை. சவேலியும் ஐந்து நாளாகக் கூப்பிடவில்லை.

"போய்ப் பாத்துட்டு வரட்டுமாய்யா?" என்று கேட்டான் ரோதியோன்.

"தூங்குவான். நீ போய் வெறகப் பொள" என்றார் மேஜர்.

அன்று மாலை 4.20-க்கு ஒரு வண்டி. ரோதியோனின் நண்பன் தீகோனுக்கு ஈரப் பூட்ஸிலேயே பாதம் அழுகிக் கறுத்திருந்தது. இன்றே ஆஸ்பத்திரி போகாவிட்டால் கால் போகும். மூன்று முறை மறுத்த மேஜர், ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

3.10. ஃபோன் மணி அடித்தது.

"ரோதியோன்... நான் சவேலி."

"டேய்! உசுரோடதான் இருக்கியா? அஞ்சு நாளா எந்த மாமியா வீட்டுல படுத்திருந்தே?"

மறுமுனையிலிருந்து சிரிப்பு வரவில்லை. சவேலி எடுத்ததுமே சிகரெட் கேட்பான். அடுத்து மேஜரைத் திட்டுவான். இன்று இரண்டும் இல்லை. வெளியே காற்று ஊளையிட்டது. ஃபோனுக்குள் காற்றே இல்லை. மூச்சும்...

"தீகோனை ஏத்தாதே. இது கடைசி வண்டி."

டக்.

அந்தப் படையில் எவனும் 'கடைசி' என்று வாய் திறக்கமாட்டான். கடைசி சிகரெட்டுக்கு 'ஓரத்து சிகரெட்'. கடைசி வண்டிக்கு 'ஓரத்து வண்டி'. சொன்னால் சாவு என்று பயம். அந்தப் பயம் சவேலிக்குத்தான் அதிகம்.

அதோடு, தீகோன் போவது அவனுக்கு எப்படித் தெரியும்?

3.40. மறுபடி மணி. அதே வார்த்தைகள். அதே இடைவெளி.

4.05. மறுபடி.

"கைப்பிடியைச் சுத்தாதே."

டக்.

ரோதியோன் ஓடினான். தீகோன் ரயில் பெட்டியில் போர்வைக்குள் சுருண்டிருந்தான்.

"மச்சான், சவேலி ஃபோன் பண்ணான். இந்த வண்டிக்கு... அந்த வார்த்தையைச் சொல்லிட்டான்."

"எந்த வார்த்தை?" தீகோன் போர்வையை உதறினான். "ஐயோ... எறக்குடா என்னை!"

"கால் போயிடும்டா."

"காலு போனா போவுது. எறக்கு!"

ரோதியோன் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஓட்டுநரிடமும் கத்தினான். அவர் தலையில் அடித்துக்கொண்டு விசிலை இழுத்தார்.

4.20. வண்டி போனது.

4.30. குளியலறையிலிருந்து மேஜர் நேரே ஃபோன் அறைக்கு வந்தார். வேகவைத்த பீட்ரூட் மாதிரி முகம். தோளில் துண்டு.

"நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினவனை எறக்கினியா? யாரைக் கேட்டு?"

"சவேலி சொன்னான்யா."

"சவேலியா? வண்டி வந்துச்சான்னு நானே கேக்குறேன். அப்படியே இதையும் கேக்குறேன்."

கை கைப்பிடிக்குப் போனது.

"சுத்தாதீங்கய்யா!"

4.31.

ஒரு சுற்று.

இரண்டு...

தூரத்தில்... டம்ம்ம்!

ஜன்னல் கண்ணாடி உதிர்ந்தது. மேஜர் மேசைக்கு அடியில் இருந்தார்.

பாலம் போனது. வண்டி போனது. ஓட்டுநரும் அவருடைய உதவியாளரும் போனார்கள். மேஜருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. நெருக்கடியிலும் ஃபோனை விட்டு அகலாத வீரத்துக்காகப் பதக்கம் கொடுத்தார்கள். தீகோனை இரண்டு நாள் கழித்துப் பனிச்சறுக்கு வண்டியில் இழுத்துப் போனார்கள். இடது பாதம் போனது. உயிர் இருக்கிறது.

பொறியாளர்கள் ஃபோன் கம்பியைப் பிடித்துக்கொண்டே பாலம் வரை நடந்தார்கள். ஊடுருவி வந்த உக்ரைன் ஆட்கள் அந்தக் கம்பியையே வெடியில் இணைத்திருந்தார்கள். வண்டி பாலத்தில் ஏறும்போது நிலையத்திலிருந்து யாராவது கட்டாயம் சுற்றுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சவேலி பனிக்கடியில் கிடந்தான். இறந்து ஐந்து நாள் என்றார் டாக்டர். குரல்வளை அறுபட்டிருந்தது.

கம்பி பிடுங்கப்பட்ட அவனுடைய ஃபோன் பக்கத்திலேயே கிடந்தது.

பேசும் குழல் மட்டும்... அவன் காதோடு உறைந்திருந்தது.