உள்ளங்கையில் வைத்த இழை

இருபது வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஓர் அறிக்கை பொய் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பெருமாள் கோயில் அருகே ஒரு கயிற்று ஆலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்தேன். ஒன்றோடொன்று கலக்காத இரண்டு பிளாஸ்டிக்குகளைச் சேர்த்து உருக்கி இழுப்போம். அதில் ஒன்றான நைலான் நன்றாக இளகி ஓடினால் உள்ளே நார்நாராக நீண்டு கயிற்றுக்கு வலு தரும். கெட்டியாக ஓடினால் நீளாமல் சிறுசிறு உருண்டைகளாக நின்றுவிடும்.

புதிய நைலான் வந்த அன்று, இயந்திரம் ஓட்டும் ஏழுமலை ஓர் இழையை நகத்தால் கிழித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இன்னா சார் இது? நாரே பிரியல, பிஸ்கட்டு மாதிரி ஒடிஞ்சுகினு கீது. கடலுக்குப் போற கயிறு சார்.”

“நைலானோட வந்த டெஸ்ட் ரிப்போர்ட் சரியாத்தான் இருக்கு. நீ மெஷினைப் பாரு.”

அந்தச் சோதனை எங்கள் இயந்திரத்தின் சூட்டில் செய்ததல்ல, இங்கே நைலான் எப்படி ஓடும் என்று அது காட்டாது என்பது எனக்குத் தெரியும். அவசர ஆர்டர் என்பதால் கயிற்றை அனுப்பிவிட்டேன்.

மாமல்லபுரத்தில் வலை இழுக்கும்போது அந்தக் கயிறு அறுந்து தெறித்து, ஒரு மீனவரின் கண் போயிற்று. ஏழுமலை இயந்திரத்தின் சூட்டைக் குறைத்ததே காரணம் என்று அறிக்கை எழுதினேன். அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

“உங்க கையிலதான சார் கிழிச்சு வச்சேன்?” என்று மட்டும் கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போதும் கடையில் கயிறு வாங்கினால் முனையை நகத்தால் கிழித்துப் பார்க்கிறேன். “ஆமாம், ஏழுமலை” என்று அன்றே சொல்லியிருக்கலாம்.